மாஸ்டிக் ஆஸ்பால்ட்டை அழுத்துவதில்லை

மாஸ்டிக் ஆஸ்பால்ட் என்பது சாலைக்குப் போடும் வழக்கமான தார்க்கலவைதான், தாரைக் கொஞ்சம் கூட்டி ரோலரால் நன்றாக அழுத்தினால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் ஒற்றுமையால் வரும் குழப்பம் இது, செய்முறை வேறு.

வழக்கமான கலவையில் சூடான ஜல்லியின்மேல் பிட்டுமன் (நாம் தார் என்று சொல்லும் கறுப்புப் பசை) மெல்லிய பூச்சாகப் படிகிறது. உள்ளே மிஞ்சும் காற்றிடைவெளியைக் குறைக்கத்தான் ரோலர். மாஸ்டிக்கில் கடினவகைப் பிட்டுமனையும் சுண்ணாம்புக்கல் பொடியையும் மணலையும் துடுப்பு சுழலும் கொப்பரையில், 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், மணிக்கணக்கில் கிளறுகிறார்கள். ஜல்லி பிறகுதான் விழும். இறக்கும்போது அது கெட்டியான கறுப்புச் சேறுபோல வழியும். இடைவெளியெல்லாம் நிரம்பிவிட்டதால் அழுத்த எதுவும் மிச்சமில்லை.

நான் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம், பணி நடக்கும் இடத்தில் சற்று நின்று பாருங்கள். வாளியிலிருந்து ஊற்றி, முட்டிபோட்டு மரப்பலகையால் தேய்த்துப் பரப்புவார்கள். மேலே தூவும் சிறுகல்லைப் பதிக்கச் சிறிய உருளையை உருட்டுவதுண்டு. அது வழுக்காமல் இருப்பதற்காக மட்டுமே. வெட்டியெடுத்த துண்டு கிடைத்தால் இன்னும் எளிது: சாதாரணக் கலவையின் வெட்டுமுகத்தில் ஊசித்துளைகள் தெரியும், மாஸ்டிக்கில் வழவழப்பான கறுப்புக்குள் ஜல்லிகள் புதைந்திருக்கும்.