ரகசியம் காத்தவர்கள் யார்?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருக்கும் ஓக் ரிட்ஜ் நகரின் வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தேன். 1942 வரை அப்படியோர் ஊரே கிடையாது. 1945இல் அங்கே 75,000 பேர் குடியிருந்தார்கள், ஆனால் வரைபடத்தில் ஊர் இல்லை. சுற்றிலும் வேலி, வாயிலில் காவல். ஹிரோஷிமாவில் விழுந்த குண்டுக்கு யுரேனியம் செறிவூட்டப்பட்டது அங்கேதான்.

அரசுப் புகைப்படக்காரர் எட் வெஸ்ட்காட் எடுத்த ஒரு படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். யுரேனியம் செறிவூட்டும் ஆலை. உயரமான ஸ்டூல்களில் வரிசையாக இளம்பெண்கள். எதிரே ஆளுயரத்துக்கும் மேலான கருவிப் பலகைகள், அவற்றில் முள்ளும் குமிழும். முள் விலகினால் குமிழைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். பலர் அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். முன்னால் அமர்ந்திருக்கும் பெண்ணுக்குத் தாம் செய்தது என்ன வேலை என்று தெரியவந்தது சுமார் 50 ஆண்டுகள் கழித்துத்தான். அந்த ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் இதே படத்தைப் பார்த்திருக்கிறார்.

'ரகசிய நகரம்' என்பது இன்று அந்த ஊருக்குப் பெருமைப் பெயர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரிந்ததை வெளியே விடாமல் வைத்திருப்பவர்தான் ரகசியம் காப்பவர். அந்தப் பெண்களிடம் காப்பதற்கு என்ன இருந்தது? அவர்களிடமிருந்தல்லவா அது காக்கப்பட்டது! காந்தியோடு சேர்த்தே நாம் அறிந்த மூன்று குரங்குகளை அங்கே விளம்பரப் பலகையில் வரைந்து, பார்ப்பதும் செய்வதும் கேட்பதும் இங்கேயே இருக்கட்டும் என்று எழுதிவைத்திருந்தார்கள்.

அந்த மண்ணில் அதற்கு முன்பு வீட், எல்சா, ராபர்ட்ஸ்வில் போன்ற சிற்றூர்கள் இருந்தன. சுமார் 3,000 பேரைக் கிளப்பிவிட்டார்கள். சிலருக்குக் கிடைத்த கெடு இரண்டு மூன்று வாரம். அவர்களிலும் சிலர் 1930களில் நாரிஸ் அணைக்காக ஏற்கெனவே ஒருமுறை நிலத்தை இழந்து வந்தவர்கள். இதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கொடுத்தவை ஒட்டுப்பலகைக் கொட்டில்கள். 16 அடிக்கு 16 அடி. அதற்குள் நான்கைந்து பேர், நடுவில் ஓர் அடுப்பு, ஜன்னலுக்குக் கண்ணாடிகூடக் கிடையாது. தம்பதிகளாகவே இருந்தாலும் கணவர் ஆண்கள் பகுதியில், மனைவி பெண்கள் பகுதியில். நாட்டுக்கு அவர்களுடைய உழைப்பு வேண்டியிருந்தது, குடும்பம் வேண்டியிருக்கவில்லை. போர்க்கால நெருக்கடி என்று யார் சமாதானம் சொன்னாலும் இதை என்னால் ஏற்க முடியாது. வெள்ளையினக் குடும்பங்களுக்கு அதே நெருக்கடியில் வீடு கட்டிக்கொடுக்க முடிந்ததே.

வீட் ஊரில் இன்று நிற்பது ஜார்ஜ் ஜோன்ஸ் நினைவுத் தேவாலயம் மட்டும். ஓக் ரிட்ஜ் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.