எண் பலகையை மட்டும் நம்ப முடியாது
பழைய பிரிட்டிஷ் ரயில் படங்களில் எண் தெளிவாகத் தெரிந்தால் இன்ஜின் எது என்பதில் சந்தேகமே வேண்டாம் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக அமெரிக்கா போன 6220 'கொரோனேஷன்' என்ற நீராவி இன்ஜின் உண்மையில் 6229 'டச்சஸ் ஆஃப் ஹாமில்டன்'. கப்பலேற்றும் முன் இரண்டுக்கும் பெயரையும் எண்ணையும் மாற்றிவிட்டார்கள். போர் நடுவே அது ஊர் திரும்பிய பிறகுதான் பழையபடி மாற்றினார்கள். ஆகவே 1940-இல் பிரிட்டனில் எடுத்த படத்தில் 6229 என்று இருந்தால், அது அசல் 6220! கலர் படம் என்றால் கண்டுபிடித்துவிடலாம்: அசல் 6220 நீலம், வெள்ளிக் கோடுகள், அசல் 6229 கருஞ்சிவப்பு, தங்கக் கோடுகள். கறுப்பு வெள்ளை என்றால்? அப்போது எண்ணை விட்டுவிட்டுப் படம் எடுத்த தேதியையும் இடத்தையும்தான் முதலில் தேட வேண்டும். அமெரிக்கா போன இன்ஜினின் முன்புறத்தில் பெரிய ஹெட்லைட்டும் மணியும் பொருத்தியிருந்தார்கள், அதையும் பாருங்கள்.