மாத்திரை வேண்டாம் என்று நோயாளி சொன்னால்

நோயாளி மருந்து வேண்டாம் என்றதும் வார்டில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. நர்ஸ்களான நாம் சார்ட்டில் 'மறுத்தார்' என்று ஒரே சொல்லை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறோம். இல்லையென்றால் மாத்திரையைப் பொடித்து, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவிடுகிறோம். முன்னது அலட்சியம் என்று யாரும் ஒத்துக்கொள்வார்கள். பின்னதை அக்கறை என்று நினைக்கிறோமே, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

முதலில் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். ட்ரேயைக் கையில் பிடித்து நின்றுகொண்டு கேட்டால் பதில் வராது, பக்கத்தில் உட்காருங்கள். டிகாக்சின் என்ற இதய மருந்தைச் சாப்பிடும் முதியவர் "வயித்தைப் புரட்டுது சிஸ்டர், வேண்டாம்" என்றால் அதை அடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்து உடம்பில் அளவு மீறியதன் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். ஸ்டெதஸ்கோப் வைத்து முழுதாக ஒரு நிமிடம் இதயத்துடிப்பை எண்ண வேண்டும். 60க்குக் கீழே இருக்கிறதா? பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறதா? டோஸை நிறுத்திவைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். துடிப்பு சரியாகவே இருந்தாலும் குமட்டலைச் சொல்லாமல் விடக் கூடாது. இந்த நோயாளிக்குக் கெஞ்சியோ கலந்தோ மருந்தைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிறுநீரை அதிகமாகப் போக வைக்கும் ஃப்ரூசமைடு மாத்திரையைச் சாயங்காலம் மறுப்பவர், ராத்திரியில் சிறுநீருக்கு எழுந்து விழுந்துவிடுவோமோ என்று பயப்படலாம். டாக்டரிடம் பேசி நேரத்தை மாற்றினாலே அவர் சாப்பிட்டுவிடுவார்.

காரணத்தைக் கேட்டு, விளக்கியும் சொன்ன பிறகும் வேண்டாம் என்கிறார். இப்போது பார்க்க வேண்டியது அவரால் முடிவெடுக்க முடிகிறதா என்பதை. மருந்து எதற்கு என்று புரிகிறதா, விட்டால் வரும் ஆபத்து தனக்குத்தான் என்று உணர்கிறாரா, நல்லது கெட்டதை எடைபோட முடிகிறதா, முடிவைத் தெரிவிக்க முடிகிறதா? நாம் சொன்னதை அவர் பேச்சிலேயே திருப்பிச் சொல்லச் சொன்னால் பாதி தெரிந்துவிடும். காய்ச்சல் குழப்பத்தில் இருப்பவர் நாளைக் காலையில் தெளிந்துவிடலாம், அதனால் திரும்பவும் பார்க்க வேண்டும். மறதி நோய் என்று கேஸ் ஷீட்டில் இருப்பதாலேயே அவர் வார்த்தைக்கு மதிப்பில்லை என்று ஆகாது. தெளிவாக இருக்கும் ஒருவர் மறுத்தால், மகனோ மகளோ எவ்வளவு கேட்டாலும், கலந்து கொடுப்பதற்கு இடமே இல்லை.

தெளிவு இல்லை, மருந்து இல்லாமலும் முடியாது என்ற நிலை உண்மையிலேயே வரும். அப்போதும் அந்த முடிவு ஷிப்டில் இருக்கும் ஒரு நர்ஸ் தனியாக எடுப்பதல்ல. டாக்டர், ஃபார்மசிஸ்ட், அவரை நன்றாக அறிந்த குடும்பத்தார் எல்லோரும் பேச வேண்டும். எந்த மருந்து கட்டாயம், எதை விட்டுவிடலாம், சிரப்போ தோலில் ஒட்டும் பேட்சோ இருக்கிறதா, மறுபடி எந்தத் தேதியில் பார்ப்பது என்று எழுதி வைக்க வேண்டும். ஃபார்மசிஸ்ட் ஏன் கட்டாயம் என்றால், மெதுவாகக் கரையும் மார்ஃபின் மாத்திரையைப் பொடித்தால் 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக உள்ளே போய் மூச்சே அடங்கிவிடலாம். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைப் பாலில் கலந்தால் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் சரியாகச் சேராது. பாதிச் சாப்பாட்டை மீதி வைத்தால் எவ்வளவு டோஸ் போனது என்று யாருக்கும் தெரியாது. கசப்பை வைத்து அவர் கண்டுபிடித்துவிட்டாலோ, அன்றிலிருந்து சாப்பாட்டையும் தொட மாட்டார்.

சார்ட்டில் மருந்து, டோஸ், நேரம், அவர் சொன்ன காரணம் அவர் வார்த்தையிலேயே, நாம் விளக்கியது, எந்த டாக்டரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம், அவர் என்ன சொன்னார் என எல்லாமே இருக்க வேண்டும். வேலை நெருக்கடி எனக்கும் தெரியும், ஆனால் இது மூன்று நான்கு வரிதான். மறுத்ததைக் 'கொடுத்தாயிற்று' என்று டிக் போடுவது மட்டும் கூடவே கூடாது. பி.பி. மாத்திரையை மூன்று நாள் துப்பியவருக்கு மூன்று டிக் இருந்தால், மருந்து போதவில்லை என்று நினைத்து டாக்டர் டோஸைக் கூட்டுவார். நாலாம் நாள் வேறு ஒரு சிஸ்டர் அன்பாகப் பேசி, கூட்டிய டோஸை முழுதாகச் சாப்பிட வைப்பார். அன்றைக்கு பி.பி. சட்டென்று இறங்கி அவர் மயங்கி விழுந்தால், சார்ட்டைப் புரட்டுகிற யாருக்கும் காரணம் தெரியாது.