திவாலானாலும் கல்விக் கடன் போகவே போகாதா?

"அமெரிக்காவில் திவால் மனு போட்டாலும் கல்விக் கடன் சாகும்வரை விடாது, சட்டத்தில் வழியே இல்லை" என்று ஒரு ஃபார்வர்ட் சுற்றுகிறது. தவறு. கிரெடிட் கார்டு பாக்கி மாதிரி தானாகக் கழியாது, அது மட்டும் சரி. கடனைக் கட்டினால் தாங்க முடியாத கஷ்டம் வரும் என்று திவால் நீதிமன்றத்திலேயே தனி வழக்கு போட்டு நிரூபித்தால் ரத்தாகலாம், திவால் சட்டம் 523-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பலர் இந்த வழக்கையே போடுவதில்லை, வதந்தி பிழைப்பதே அதனால்தான். 2022 நவம்பரில் ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் இதற்கென ஒரு படிவமும் கொண்டுவந்தது. வருமானம், வாடகை, சாப்பாட்டுச் செலவு எல்லாம் எழுதிக் கொடுத்தால் அரசு வக்கீலே ரத்துக்குச் சம்மதிக்கலாம், முடிவு நீதிபதி கையில். ஆனால் இந்தப் படிவம் அரசுக் கடனுக்கு மட்டும், தனியார் கடனுக்கு இல்லை. படிவத்தை ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் இணையதளத்திலேயே பார்க்கலாம். அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் தட்டிவிடாதீர்கள், ப்ளீஸ்.