கடுகுத் தலையணை கட்டாயம் இல்லை

மேலே ஒரு அண்ணா, "பிறந்த பிள்ளைக்குக் கடுகுத் தலையணை கட்டாயம், இல்லாவிட்டால் தலை சப்பையாகிவிடும், வவுனியாவில் தலையணை, மெத்தை, வலையோடு செட்டாகவே வாங்கலாம்" என்று எழுதியிருக்கிறார். வலை சரி. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நுளம்பு வலை இல்லாமல் பிள்ளையைக் கிடத்தவே முடியாது. தலையணைதான் பிழை. ஒரு வயது வரை அது வேண்டவே வேண்டாம். பிறந்த பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. முகம் புதைந்தால் தானாகத் திருப்பிக்கொள்ளத் தெரியாது, மூச்சு முட்டும். செட்டில் வரும் புசுபுசு மெத்தைக்கும் இதே கதைதான். கையால் அழுத்தினால் பள்ளம் விழாத தட்டையான படுக்கை, அதன்மேல் இழுத்துச் செருகிய பருத்தித் துணி போதும். தூங்க வைக்கும்போது எப்போதும் மல்லாக்கக் கிடத்துங்கள்.

தலை சப்பையாகும் என்று பயமா? விழித்திருக்கும்போது பக்கத்திலேயே இருந்துகொண்டு கொஞ்ச நேரம் குப்புறக் கிடத்துங்கள். தலைமாடு கால்மாட்டை இடைக்கிடை மாற்றுங்கள். பெரும்பாலும் பிள்ளை எழும்பி இருக்கத் தொடங்க, தலை தானாக உருண்டு வரும். ஒரே பக்கம்தான் திருப்புகிறது என்றால் கிளினிக்கில் காட்டுங்கள்.

ஏணை (சேலைத் தொட்டில்) கட்டலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு: ஆட்டித் தூங்க வைக்கலாம், ஆனால் கண்பார்வையில் இருக்கட்டும். உடம்பு மடிந்து நாடி (மோவாய்) நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைப்படும். கண்ணயர்ந்ததும் தட்டையான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம், பிள்ளையை உள்ளே இருத்தி உருட்டி நடக்க விடும் சில்லு வாக்கர். கனடா 2004 இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. அங்கிருந்து மாமா காசு அனுப்பினாலும் வாங்காதீர்கள்.