டேப்லெட்டைத் தொடும் முன் கையைக் கழுவ விடுங்கள்

ஒரே துணியை நனைத்து வகுப்பிலுள்ள முப்பது டேப்லெட் கணினியையும் துடைத்து அடுக்குவது சுத்தம் செய்வதாகாது. முதல் டேப்லெட்டின் கிருமியை முப்பதாவது வரை இழுத்துக்கொண்டு போவதுதான் அது. இந்த வழக்கத்தைப் பள்ளிகள் உடனே கைவிட வேண்டும்.

துடைத்த இடம் ஈரமாக இருக்கும் வரைதான் கிருமியைக் கொல்லும் மருந்து வேலை செய்யும். 70 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வைப்ஸ் (துடைப்புத் தாள்) என்றால் குறைந்தது அரை நிமிடமாவது காயாமல் இருக்கட்டும். பாக்கெட்டில் அதைவிடக் கூடுதல் நேரம் போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். வைப்ஸ் உலர்ந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். 99 சதவீதம் இன்னும் வீரியமானது என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. அது சட்டென்று ஆவியாகிவிடும். கிருமியின் புரதத்தைச் சிதைக்கக் கொஞ்சம் தண்ணீரும் தேவை, அதனால் 70தான் சரி.

முதலில் சார்ஜரைக் கழற்றி, டேப்லெட்டை அணைத்து, உறையையும் எடுத்துவிடுங்கள். அழுக்கு அதிகம் சேர்வது உறையின் ஓரத்தில்தான். பிசுக்கு இருந்தால் ஈர மைக்ரோஃபைபர் துணியால் அதைப் போக்கிவிட்டுத்தான் ஆல்கஹால். பிசுக்கின் அடியில் இருக்கும் கிருமியை மருந்து எட்டாது. திரையில் நேராக ஸ்ப்ரே அடித்தால் ஸ்பீக்கர் துளைக்குள் இறங்கிவிடும். பிளீச்சிங் திரவம் திரையின் மேற்பூச்சைக் கெடுக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே, டேப்லெட்டுகளை அடுக்கிச் சார்ஜ் ஏற்றும் சார்ஜிங் வண்டிக்குள் வையுங்கள். ஆல்கஹால் தீப்பற்றக்கூடியது, மறந்துவிட வேண்டாம்.

இத்தனையும் செய்தாலும் வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோ வைரஸ் தப்பிவிடலாம். 2007 பிப்ரவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் ஒரு தொடக்கப்பள்ளியில் இது பரவியபோது, பொதுவில் பயன்படுத்திய கணினியின் கீபோர்டிலும் மவுஸிலும் அந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. ஆல்கஹால் சானிடைசர் இதனிடம் அவ்வளவாக எடுபடாது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவினால்தான் கையை விட்டுப் போகும். ஆகவே கணினி வகுப்புக்கு முன்பும் பின்பும் கை கழுவுவதற்கென்றே ஐந்து நிமிடம் கால அட்டவணையில் ஒதுக்குங்கள். "நேரமில்லை" என்ற பதிலை நான் ஏற்கவில்லை. ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால், அது தொட்ட கருவியை அன்றைக்கே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

ஹெட்போன் விஷயத்தில் பலர் பேனுக்குத்தான் பயப்படுகிறார்கள். பேன் பெரும்பாலும் தலையோடு தலை ஒட்டும்போதுதான் ஏறுகிறது. உண்மையான சிக்கல் காதுப் பஞ்சு. வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும் அதைத் துடைத்துச் சுத்தமாக்க முடியாது. துடைக்கக்கூடிய வழுவழுப்பான உறை போட்டதை வாங்குங்கள். முடிந்தால் பிள்ளைக்கு ஒன்று, பெயர் எழுதிய பையில்.