சாவி எங்கே போச்சு?

(ராத்திரி மணி பத்து. பூட்டிய வீட்டு வாசல். சுந்தரம் சட்டைப் பையை மூணாவது தடவையாகத் துழாவுகிறார். கோமதி கையில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை.)

கோமதி: சாவி எங்கங்க?

சுந்தரம்: லத்தீன்ல 'கிளாவிஸ்'. அங்கேருந்துதான் கிளம்புச்சு.

கோமதி: கிளம்பினது கிடக்கட்டும். இப்ப எங்க இருக்கு?

சுந்தரம்: இத்தாலியில 'கியாவே', ஸ்பெயின்ல 'யாவே', பிரான்சுல 'கிளே'. போர்ச்சுகீசுக்காரன் வாயில மட்டும் 'கிளா' கரைஞ்சு 'சா' ஆயிடுச்சு. 1498-ல கோழிக்கோட்டுக்குக் கப்பல் வந்துச்சுல்ல, அந்த வழியில வந்து சேர்ந்தது நம்ம சாவி. இந்திக்காரங்களுக்குச் 'சாபி'.

கோமதி: அதுவரைக்கும் இங்க எவனும் வீட்டைப் பூட்டலையாக்கும்?

சுந்தரம்: ஏன் பூட்டல? திறவுகோல் இருந்துச்சே! மலையாளத்துல இன்னும் தாக்கோல். யாழ்ப்பாணத்துல திறப்பு.

கோமதி: அவங்கல்லாம் தொலைக்காம வச்சிருக்காங்க. நீங்க?

சுந்தரம்: தொலைக்கல கோமு... இந்தா, தோள்பட்டைக்கிட்ட இருக்கே காறை எலும்பு, அதுக்குக்கூட லத்தீன்ல 'குட்டிச் சாவி'ன்னுதான் பேரு.

கோமதி: அதைக் கழட்டிப் போட்டா கதவு திறக்குமா? சொல்லுங்க, கழட்டிடுறேன்.

சுந்தரம்: (அவசரமாக) போப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடுறதைக் 'கான்கிளேவ்'ங்கிறாங்களே, அதுலயும் சாவிதான். பூட்டின அறைன்னு அர்த்தம். 1268-ல விதெர்போங்கிற ஊர்ல கூடினவங்க மூணு வருஷம் பக்கம் முடிவே சொல்லல. ஊர் சனம் கடுப்பாகி, மேல கூரையைப் பிரிச்சுட்டுது!

கோமதி: அவங்க உள்ள மாட்டிக்கிட்டாங்க. நாம வெளிய நின்னு கொசுக்கடி வாங்குறோம். மாத்துச் சாவி எங்க?

சுந்தரம்: (மெதுவாக) அலமாரியில.

கோமதி: வீட்டுக்குள்ளயா!

சுந்தரம்: அதுவும் லத்தீன்தான். 'ஆர்மா'ன்னா ஆயுதம். ஆயுதம் வைக்கிற இடம் 'ஆர்மாரியம்'...

கோமதி: இப்ப என் கையில ஒண்ணு இருந்திருக்கணும். ஜன்னல் திறந்திருக்கா பாருங்க.

சுந்தரம்: இருக்கு. ஆகா, ஜன்னல்! 'யானுவா'ன்னா லத்தீன்ல கதவு. அதோட குட்டிதான் போர்ச்சுகீசு 'ஜனேலா'. சின்னக் கதவு!

கோமதி: கதவுதானே? நுழைங்க.

சுந்தரம்: கம்பி இருக்கேம்மா.

(கோமதி தாம்பூலப் பையைத் திண்ணையில் வைக்கிறாள். ணங். தேங்காய்க்கு அடியில் கைவிட்டு இழுக்கிறாள்.)

கோமதி: பந்தியில உட்காரும்போது, இடுப்புல குத்துதுன்னு இதுக்குள்ள போட்டது யாரு?

சுந்தரம்: அட, சாவிக்கொத்து! இதுல பாரு, கொத்து மட்டும் நம்ம தமிழ்.

கோமதி: அப்ப கொத்தை நீங்க வச்சுக்குங்க. சாவி இனிமே என்கிட்ட இருக்கட்டும்.